மலையிலிருந்து மோட்டார் போட்ட கதை

எழுந்து போய் ஒரு சுவிட்சைத் தட்டுவதற்குச் சோம்பல்படும் மனிதர்கள்மீது எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்குச் சில காலம் தலைவியாகவே இருந்துவிட்டுத்தான் சொல்கிறேன். போனைத் தடவினால் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும் என்று கண்டுபிடித்தவனைக்கூட மன்னித்துவிடலாம். அதை வாங்கி, வீட்டில் மாட்டி, வருகிறவர் போகிறவரையெல்லாம் உட்காரவைத்துக் காட்டினாளே ஒருத்தி, அவளை மன்னிக்கவே கூடாது. அவள் பெயர் கௌரி. (ஆமாம், நானேதான். வேறு யாரை இவ்வளவு உரிமையோடு திட்ட முடியும்?)

அப்போது நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, திருத்தணியில் என் மாமியார் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். அந்தப் படிப்பில் எந்தப் பாடத்திலும் பியூஸ் என்ற சொல் வந்ததாக நினைவில்லை. வந்திருந்தால் அன்று நான் தூங்கியிருப்பேன். ஆனாலும் வீட்டில் பல்பு போனாலும் ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் "இன்ஜினியரக் கூப்புடு" என்பார்கள். எனக்கும் அது இனித்தது. என் கணவர் பொதட்டூர்பேட்டையில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர். கரண்ட் விஷயத்தில் அவர் வாயைத் திறந்தாலே, "நீங்க பானிபட்டப் பாருங்க, இத நான் பாத்துக்கறேன்" என்று அடக்கிவிடுவேன்.

எல்லாம் தண்ணீர் மோட்டாரில் தொடங்கியது. என் மாமியார் மோட்டாரைப் போட்டால் நிறுத்த மறந்துவிடுவார். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, வழியும் குழாய் வழியாகப் பக்கத்துச் சந்தில் அருவியாகக் கொட்டும். சந்துக்கு அந்தப் பக்கம் எஸ்தர் டீச்சர் வீடு. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, குரல் இன்னும் பணியில்தான் இருந்தது. ஒருநாள் அவர் சந்தில் கோணி விரித்துக் காயவைத்திருந்த மிளகாய் முழுவதும் எங்கள் தொட்டித் தண்ணீரில் மிதந்தது.

"காய வெச்ச மொளகாய இப்படி ஊற வெச்சிட்டீங்களே, அப்படியே கொழம்பும் வெச்சிக் குடுத்துடுங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

மாமியார் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "இன்னா கௌரி, எதுக்கெதுக்கோ போன தேச்சிகினு கீறியே, இந்த மோட்டாருக்கு ஒண்ணும் இல்லியா?"

கேட்டிருக்கக் கூடாது.

ஸ்மார்ட் சுவிட்ச் என்று பெயர், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சாதனம். சுவிட்சுக்குப் பின்னால் ஒயரில் கோத்துவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் போனில் இயக்கலாம். அதை எப்படி மாட்டுவது என்று வீடியோவில் சொல்லிக்கொடுத்த தம்பி, "உள்ளயே பியூஸ் இருக்கு மக்களே, பயமே வேணாம்" என்று சிரித்தான். நான் அந்தச் சிரிப்பை நம்பினேன். இது விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான், மோட்டாருக்கு நேரடியாக மாட்டக் கூடாது என்று பெட்டியின் அடிப்பக்கத்தில் எறும்புக்கால் எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் பெட்டியின் மேல்பக்கத்தை மட்டும் படிக்கிற சாதி.

பியூஸ் உள்ளேயே இருக்கிறதென்றால் எதை மாட்டினாலும் தாங்கும் என்று நான் பொருள் கொண்டேன். இதைவிட அழகாகத் தப்பாகப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது. பியூஸின் வேலை தாங்குவது அல்ல. தாங்க முடியாதபோது தன்னை அறுத்துக்கொண்டு, வீடு பற்றி எரியாமல் காப்பது. தொட்டி நிரம்பியதா, சம்பந்திகள் முன்னால் உங்கள் மானம் தப்பியதா என்பதெல்லாம் அதன் கவலையே இல்லை.

மோட்டாருக்கென்று ஏற்கெனவே பழைய பீங்கான் பியூஸ் கட்டை ஒன்று சுவரில் இருந்தது. அது போனால் மாமியாரே பிடுங்கி, ஏதாவது பழைய ஒயரை உரித்து, ஒரு செம்பு இழையைச் சுற்றி மறுபடி செருகிவிடுவார். "இதெல்லாம் கற்காலம் அத்தே" என்று நான் அதைக் கழற்றி, பழைய சாமான்காரனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். மாமியார் கை வைத்துவிடக் கூடாதே என்று புதிய சாதனத்தைச் சுவர்ப் பெட்டிக்குள் வைத்து, கல்லாக இறுகும் பசையால் சுற்றிலும் பூசி மூடினேன். பிரமிடுக்குள் ராஜாவை வைத்து மூடியவர்களுக்குக்கூட இவ்வளவு திருப்தி இருந்திருக்காது.

சில வாரங்கள் அது ஓடியது. அதுதான் பெரிய கெடுதல். முதல் நாளே செத்திருந்தால் நான் மனுஷியாகியிருப்பேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. எங்கள் மகள் யாழினி தத்தித்தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். மலையில் மொட்டை, வீட்டில் காது குத்து என்று முடிவானது. என் தம்பி குமார் பட்டாளத்தில் இருக்கிறான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தான். அன்று பிற்பகலே அரக்கோணத்தில் ரயில் ஏறியாக வேண்டும், விட்டால் அடுத்த லீவு எப்போது என்று அவனுக்கே தெரியாது. யாழினி பிறந்ததிலிருந்து அவளை அவன் போனில் மட்டும்தான் பார்த்திருந்தான். எமகண்டம் தொடங்குவதற்குள் அவன் மடியில் அவளுக்குக் காது குத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அன்று எனக்கு முக்கியம். போதாததற்கு, அம்மையார்குப்பத்திலிருந்து என் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) தலைமையில் பிறந்த வீட்டுச் சனம் மொத்தமும் முதல்முறையாக வந்து இறங்கியிருந்தது.

விடியலிலேயே எல்லாரும் குளித்துத் தொட்டியைத் துடைத்துவிட்டு மலையேறினோம். மொட்டை போடும் வரிசையில் நிற்கும்போது எனக்குள் இருந்த பிசாசு விழித்துக்கொண்டது.

"நைனா, இங்க பாரு. வீட்ல தொட்டி காலி. இங்கிருந்தே ரொப்பறேன்" என்று போனைத் தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

நைனா பூரித்துப்போனார். வீட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர், அவருக்கு மோட்டார் என்றால் கூடப்பிறந்தது மாதிரி. முன்னால் நின்ற ஆளின் தோளைத் தட்டி, "எம் பொண்ணுங்க. மலை மேல நின்னுகினு கீழ வீட்ல மோட்டார் போடுது" என்றார். ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெரியவர் அவர். தமிழ் புரிந்ததோ இல்லையோ, என் போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன். (இன்று நினைத்தாலும் காது கூசுகிறது.)

கீழே நடந்தது வேறு. கிருத்திகை அன்று ஊர் முழுக்கச் சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. வோல்டேஜ் தரையில் கிடந்தது. வோல்டேஜ் இல்லாத மோட்டார் சுற்றாது, சும்மா நின்று உறுமும். உறுமிக்கொண்டே மின்சாரத்தை மட்டும் பல மடங்கு இழுக்கும். என் தீப்பெட்டிக்குள்ளிருந்த பியூஸ் தன் கடமையை நினைத்துப் பார்த்து, அறுந்து, உயிரை விட்டது. மலையில் நெட்வொர்க் நெரிசல் என்பதால் அந்த மரணச் செய்தி எனக்கு வந்து சேரவில்லை. போனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

வீட்டுக்கு வந்தோம். யாழினி மொட்டை, குமார் மொட்டை, நைனா மொட்டை, வேண்டுதல் என்று என் கணவரும் மொட்டை. நான்கு மொட்டைகளுக்கும் கழுத்திலும் முதுகிலும் முடி ஒட்டி அரித்துக்கொண்டிருந்தது. குழந்தை வீரிட்டு அழுதாள். காது குத்தும் பத்தர் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டார். குளித்துச் சந்தனம் பூசியதும் மடியில் வைக்க வேண்டியதுதான்.

குழாயைத் திறந்தேன். புஸ் என்று காற்று வந்தது.

"இன்னாடி இது, கொழாய்ல காத்து அடிக்குது?" என்றார் மாமியார். அந்த "டி"யில் என் பிறந்த வீட்டார் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போனைத் தட்டினேன். தடவினேன். அணைத்துத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் இருந்த எலக்ட்ரீஷியன் எல்லாரும் காவடி தூக்கப் போயிருந்தார்கள். என் கணவர் மொட்டைத் தலையைச் சொறிந்தபடி மெதுவாகச் சொன்னார்: "கௌரி, அந்த டப்பாவ எடுத்துட்டு ரெண்டு ஒயரையும் நேரா குடுத்துடலாமில்ல?"

அதைத்தான் செய்திருக்க வேண்டும். அதற்குள் வோல்டேஜும் கொஞ்சம் எழுந்திருந்தது, மோட்டார் ஓடியிருக்கும், கதையும் இங்கே முடிந்திருக்கும். ஆனால் டப்பாவை எடுத்துவிட்டால் நான் தோற்றதாக ஆகிவிடுமே! என் பிறந்த வீட்டார் முன்னால், வரலாறு வாத்தியார் யோசனையிலா தண்ணீர் வர வேண்டும்? அவரை முறைத்த முறைப்பில் மனிதர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மெயினை அணைத்துவிட்டு, நானே பூசிய பசையைத் தேங்காய் உடைக்கும் கத்தியால் உடைத்தேன். சாதனத்தின் ஓட்டைப் பிளந்தேன். உள்ளே அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடிக் குழாய், கறுத்துப்போய்க் கிடந்தது. பிடுங்கி மாற்ற முடியாது, பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். பியூஸ் போனால் டப்பாவையே தூக்கிப் போடு என்பது அதன் பொருள். நைனா குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்ளோதானா?" என்று சிரித்தார்.

"மாத்த முடியாது நைனா."

"மாத்த எதுக்குமா? மேல இழை போடு. எங்க தறி மோட்டாருக்கு நாங்க இன்னா பண்றோம்? பீஸ் போச்சுன்னா ஒரு இழை. மறுபடி போச்சுன்னா ரெண்டு இழை. அப்பறம் அது போவவே போவாது."

நெசவுக்காரர் வாயிலிருந்து வந்தால் எல்லாமே இழைக் கணக்குத்தான். ஒரு நூல் அறுந்தால் இரட்டை நூல் போட்டு முடிச்சுப் போடுகிற மாதிரி, பியூஸ் அறுந்தால் செம்பு இழையைக் கூட்டிக்கொண்டே போவது. பியூஸ் நமக்காகச் சாகப் பிறந்த பொருள். அதைச் சாகவே விடாமல் செய்வதைத்தான் எங்கள் வட்டாரத்தில் ரிப்பேர் என்கிறோம். முன்பு கற்காலம் என்று சிரித்த இன்ஜினியர் இப்போது பயபக்தியோடு கேட்டாள்: "எத்தினி இழை நைனா?"

"எதுக்கும் நாலு போட்டுடு."

போட்டேன். (நீங்கள் யாரும் போட்டுவிடாதீர்கள். வீடு எரிந்தபின் என்னிடம் வரக் கூடாது.)

மெயினைப் போட்டேன். போனைத் தட்டினேன். சாதனத்துக்குள் "டக்" என்று ஒரு சத்தம், மோட்டார் கிளம்பியது. கூடமே கை தட்டியது. நைனா என் தலையைத் தடவினார். அந்த "டக்" என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் இரண்டு உலோக முனைகள் அந்தச் சூட்டில் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இனி யார் சொன்னாலும் அவை பிரியாது.

இன்னொரு சங்கடம். அடிமட்டம்வரை காலியான தொட்டி நிரம்பினாலும், இறங்கும் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் கீழே சொட்டும் வராது. மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, கீழே புஸ் புஸ் என்று காற்று. தொட்டி நிரம்பி, வழியும் குழாயில் சந்துப் பக்கம் கொட்டத் தொடங்கியது. நான் போனில் நிறுத்தினேன். நின்றுவிட்டது என்று போன் சொன்னது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடியும் நின்றுவிட்டதாகப் போன் சத்தியம் செய்தது.

"மெயின அமத்துடி!" என்று மாமியார் கத்தினார்.

"நிறுத்தாதக்கா!" என்று சந்திலிருந்து அதைவிடப் பெரிதாக ஒரு குரல் வந்தது. குமார்தான். வீட்டில் தண்ணீர் வருகிற ஒரே இடம் எது என்று அவன் பார்த்துவிட்டான். குழந்தையை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வழியும் குழாய்க்கு நேர் கீழே நின்றுவிட்டான். யாழினி அழுகையை நிறுத்திக் கெக்கெக்கே என்று சிரித்தாள். பின்னாலேயே நைனா. அவருக்குப் பின்னால் என் கணவர்.

எங்கள் தெரு மலைக்குப் போகிற வழி. நடந்து வந்த ஒரு காவடிக் கூட்டம் சந்துக்குள் எட்டிப் பார்த்தது. மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிறது, அதன் கீழே வரிசையாக மொட்டைகள் கை கூப்பியபடி நிற்கின்றன. (அவர்கள் கூப்பவில்லை. சோப்பு கண்ணில் போய்விட்டது.) கிருத்திகை அன்று திருத்தணியில் இதைப் பார்க்கிறவன் வேறு என்ன நினைப்பான்?

"ஏமண்டி, இதி தீர்த்தமா?" என்று ஒருவர் தெலுங்கில் கேட்டார்.

நைனா வாயில் தண்ணீர். "ஆங்" என்று தலையாட்டிவிட்டார்.

அவ்வளவுதான். "அரோகரா!" என்று ஒரு முழக்கம். கூட்டம் சந்துக்குள் புகுந்தது. பாட்டிலில் பிடிக்கிறவர்கள், தலையில் தெளித்துக்கொள்கிறவர்கள், குழந்தையை நீட்டுகிறவர்கள். எஸ்தர் டீச்சர் வீட்டுக் கதவு திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டீச்சர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்தத் தலைமையாசிரியைக் குரல் எழுந்தது. "லைன்ல வாங்க! தள்ளாதீங்க! கொழந்த வெச்சிகினு கீறவங்க மொதல்ல வாங்க! ஏம்பா பச்சச் சட்ட, நீ ரெண்டாவது வாட்டி வர்ற!" சனம் அடங்கி வரிசையில் நின்றது. நான் மெயினை அணைக்கப் போனேன். "பாதி பேர் சோப்போட நிக்கிறாங்க, இப்ப நிறுத்தினீங்கன்னா நல்லாருக்காது" என்று ஜன்னல் வழியாகவே எனக்கும் ஒரு அதட்டல் விழுந்தது. மிளகாய்க் கணக்கை அவர் அன்றே தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இங்கே பத்தர் அவசரப்படுத்தினார். "எமகண்டம் வந்துகினே கீதும்மா. மாமனக் கூப்புடுங்க."

குமார் ஈர வேட்டியோடு ஓடிவந்து பாயில் உட்கார்ந்தான். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு யாழினி அவன் மடியில். ஒரு பெரிய மொட்டையும் ஒரு சின்ன மொட்டையும் ஒரே முகஜாடையில் என்னைப் பார்த்தன. அதுவரை இருந்த பதற்றமெல்லாம் எனக்குப் போய்விட்டது. எப்படியோ நடந்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்தது. வலது காது ஆயிற்று. குழந்தை அழுதாள், குமார் அவள் வாயில் சர்க்கரையை வைத்தான். பத்தர் இடது காதைப் பிடித்து, மையால் வைத்த புள்ளியைப் பார்த்து, ஊசியை எடுத்தார்.

நாலு இழைகளும் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? அவை தாங்கின. தாங்காதது சாதனம். சுவர்ப் பெட்டியில் "டமார்!" என்று நீலமாக ஒரு வெளிச்சம். பிளாஸ்டிக் ஓடு தெறித்து, கரும்புகை பாம்பாக வெளியே வந்தது. மோட்டார் நின்றது. மின்விசிறி நின்றது. சந்தில் தண்ணீர் சட்டென்று நிற்கவே, அதையும் ஏதோ அருள் என்று எண்ணி மொத்தக் கூட்டமும் "அரோகரா!" என்று அதிரக் கத்தியது. பத்தர் ஒரு சாண் துள்ளினார். ஊசியும் துள்ளியது.

என் கணவர் மெயினை அணைத்தார், மாமியார் மணலை வாரி அடித்தார். சுவர் கறுத்ததோடு போயிற்று. எமகண்டம் தொடங்கவில்லை. குமாரும் ரயிலைப் பிடித்துவிட்டான். ஆனால் யாழினியின் இடது காதில் துளை, புள்ளிக்குக் கொஞ்சம் மேலே ஏறி விழுந்திருந்தது. எல்லைக்குப் போய்த் துப்பாக்கி பிடிக்கிறவன், அந்தக் காதைப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு சேர்ந்து அழுதான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். பத்தர் மட்டும் அழவில்லை. "கரண்டு வேலைக்கு நான் பொறுப்பில்லமா" என்று பையைக் கட்டிக்கொண்டு போனார்.

காவடிக்காரர்கள் திரும்பி வந்ததும் எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்து, மோட்டாருக்குச் சரியான அளவில் தானாக விழும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினோம். தட்டினால் போடும், தட்டினால் நிறுத்தும், பாரம் கூடினால் தானே விழும். அதை எழுந்து போய்த்தான் தட்ட வேண்டும். நான் எழுந்து போகிறேன்.

யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் அவளுக்குக் கம்மல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தோம். கடைப் பெண் இரண்டு காதிலும் மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். குழந்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"பாப்பா, நேரா நில்லும்மா."

"நேராதான் நிக்கிறேன் அக்கா. இது சாதா காது. இது ஸ்மார்ட் காது."

"ஸ்மார்ட் காதுன்னா?"

யாழினி எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்கிற அதே அலுப்போடு சொன்னாள்: "எங்கம்மா மோட்டார் போட்டாங்க. எனக்குக் காது ஏறிடுச்சு."